மணல் பூசிய மாளிகையும் சிப்பிக் கடைக்காரரின் மகனும்

'தி கில்டட் ஏஜ்' தொடரை விடாமல் பார்க்கும் தோழி ஒருத்தி, அந்தத் தொடர் படமாக்கப்பட்ட மாளிகைகளின் பட்டியல் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். "வாழ்க்கையில ஒரு தடவையாவது போகணும்" என்று கீழே எழுதியிருந்தாள். பெரும்பாலானவை அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் என்ற கடற்கரை ஊரில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கின் பெரும்பணக்காரர்கள் கோடைக்காலத்தைக் கழிக்க அங்கே மாளிகைகளைக் கட்டினார்கள். கார்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் பேரன் 1895இல் கட்டி முடித்த 'தி பிரேக்கர்ஸ்' மாளிகையில் மட்டும் 70 அறைகள். இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'காட்டேஜ்'. அதாவது குடில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதில் எழுப்பி, உள்ளே நீச்சல்குளம் வெட்டி, வாசலில் 'குடில்' என்று பலகை மாட்டுகிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். பணக்காரர்களின் தன்னடக்கம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

நான் எழுத வந்தது 'தி பிரேக்கர்ஸ்' பற்றியல்ல. அதே ஊரின் பெல்வியூ அவென்யூவில், அதற்கு அரை நூற்றாண்டு முன்பே எழுந்த 'கிங்ஸ்கோட்' என்ற வீட்டைப் பற்றி. நியூபோர்ட்டைக் கோடை மாளிகைகளின் ஊராக மாற்றியதில் முதல் அடி இந்த வீடுதான் என்கிறார்கள். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் அப்ஜான் 1839இல் வரைந்தார், 1841இல் கட்டி முடித்தார்கள். கூர்முனைக் கூரைகள், பழைய ஐரோப்பியத் தேவாலயத்தை நினைவூட்டும் ஜன்னல்கள் என்று கோதிக் பாணியில் அமைந்த வீடு. ஆனால் முழுக்க மரத்தால் ஆனது. முதலில் பூசிய வண்ணத்தில் மணலைக் கலந்தார்களாம், பார்க்கிறவர்களுக்குக் கல் வீடு போலத் தெரிய வேண்டுமே! பின்னாளில், 1881இல், பெரிய உணவுக்கூடம் ஒன்றைச் சேர்த்தார்கள். வடிவமைத்தது மக்கிம், மீட், ஒயிட் நிறுவனம். கூரைக்குத் தக்கை ஓடுகள், சுவரில் டிஃபனியின் கண்ணாடிக் கற்கள். 1972இல் குடும்பத்தின் கடைசி வாரிசு இந்த வீட்டை ஒரு பாதுகாப்புச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். இன்று அது அருங்காட்சியகம்.

மேலே உள்ள பத்தியில் பெயர்களைக் கவனியுங்கள். வரைந்தவர் பெயர் இருக்கிறது, கண்ணாடி செய்தவர் பெயர் இருக்கிறது, எந்தக் கூரை எந்தப் பொருளால் ஆனது என்பதும் இருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிய எழுத்தெல்லாம் இப்படித்தான் இருக்கும். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரே ஒரு சொல்லில் முடித்துக்கொள்வார்கள். வீட்டைக் கட்டிய ஜார்ஜ் நோபல் ஜோன்ஸ் ஒரு 'தென்மாநிலத் தோட்ட உரிமையாளர்'. அவ்வளவுதான். அங்கே தோட்டத்தோடு சேர்த்து மனிதர்களும் சொத்து என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அமுங்கிப் போகிறது. தமிழிலும் 'மிராசுதார்', 'பண்ணையார்' என்ற சொற்கள் இதே வேலையைத்தான் செய்கின்றன. 'பெரிய மிராசுதார் குடும்பம்' என்று சொல்லிவிட்டால் போதும், பண்ணையாள் எங்கே குடியிருந்தான், என்ன கூலி வாங்கினான், யாரிடம் அடி வாங்கினான் என்று எவரும் கேட்பதில்லை.

ஜோன்ஸ் ஜார்ஜியா மாநிலத்தின் பழைய தோட்ட முதலாளிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1840இல் திருமணத்தின் வழியாக ஃபுளோரிடாவில் டலஹாசி நகருக்கு அருகே உள்ள 'எல் டெஸ்டினோ' பருத்தித் தோட்டம் அவர் கைக்கு வந்தது. 'செமோனி' என்று இன்னொரு தோட்டமும் இருந்தது. இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின அடிமைகள். ஜோன்ஸ் பெரும்பாலும் அங்கே தங்கவில்லை. சவன்னா நகரில் இருப்பார், கோடையில் நியூபோர்ட்டுக்குப் போய்விடுவார். தென்மாநிலக் கோடை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வெக்கை, மலேரியா. சவன்னா, சார்ல்ஸ்டன் நகரங்களின் முதலாளிக் குடும்பங்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே கோடைதோறும் வடக்கே நியூபோர்ட்டுக்கு ஓடிவந்தன. அதே வெக்கையில் பருத்திக் காட்டில் நின்றவர்களுக்குக் கோடை விடுமுறை கிடையாது.

முதலாளி இல்லாத தோட்டத்தை மேற்பார்வையாளர்கள் நடத்தினார்கள். நடப்பதையெல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதினார்கள். அந்தக் கடிதங்களும் கணக்குகளும் பிழைத்துவிட்டன. 1927இல் அவை புத்தகமாகவே வந்தன. எத்தனை ஏக்கர் உழுதது, யார் எத்தனை பவுண்டு பருத்தி பறித்தது, யாருக்குக் காய்ச்சல், எந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, யார் ஓடிப்போனது, யாரைச் சாட்டையால் அடித்தது என்று எல்லாமே வரவு செலவு எழுதுகிற அதே கையால் எழுதப்பட்டிருக்கிறது. புத்தகத்தைத் தொகுத்த இருவரில் ஒருவர் யூல்ரிச் ஃபிலிப்ஸ். அடிமைத் தோட்டத்தைக் கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூடம் போலச் சித்திரித்த வரலாற்றாசிரியர் அவர். அடிமைமுறை பற்றிய அவருடைய முக்கிய நூல் வந்தபோது டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் அதைக் கடுமையாக விமர்சித்தார். அடிமைகளை நல்லபடியாக வைத்துக்கொண்டார்கள் என்று நிறுவப் பார்த்த ஒருவரின் கையாலேயே சாட்டையடிக் கணக்கும் அச்சேறியது. ஒடுக்குகிறவர்கள் வெட்கப்பட்டு மறைப்பதை விட, வெட்கப்படாமல் எழுதிவைப்பதுதான் பல நேரங்களில் நமக்கு ஆவணமாகக் கிடைக்கிறது.

உள்நாட்டுப் போர் வெடித்ததும் ஜோன்ஸ் குடும்பம் நியூபோர்ட்டை விட்டுப் போனது, திரும்பவே இல்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே வீடு வில்லியம் ஹென்றி கிங் என்பவருக்கு விற்கப்பட்டது. அவருடையது சீன வணிகத்தில் சேர்ந்த பணம். தேயிலை, பட்டு, பீங்கான் என்று அருங்காட்சியகம் அழகாகக் காட்சிக்கு வைக்கிற பொருட்களோடு, அந்தக் கால அமெரிக்கச் சீன வணிகத்தில் அபினும் இருந்தது. அலமாரியில் பீங்கான் மட்டும்தான் மிஞ்சும், அபின் மிஞ்சாது. வீட்டுக்கு இன்றிருக்கும் பெயர் இந்தக் குடும்பத்திடமிருந்து வந்ததுதான். பருத்தியிலிருந்து சீன வணிகத்துக்குக் கைமாறியபோது அப்ஜான் வரைந்த கூரையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

இதைப் படித்ததும் "தெற்குதான் கெட்டது, வடக்கு நல்லது" என்று ஒரு எண்ணம் வரலாம். அதற்கும் இடமில்லை. ஜோன்ஸ் வருவதற்கு வெகுமுன்பே நியூபோர்ட் அடிமை வணிகத் துறைமுகம். ஊரில் கரும்புச் சாற்றுப் பாகைக் காய்ச்சி ரம் வடித்தார்கள். ரம்மை ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பி மனிதர்களை வாங்கினார்கள். அவர்களைக் கரீபியத் தீவுகளில் விற்று மீண்டும் பாகு வாங்கி வந்தார்கள். 1709 முதல் 1807 வரை ரோட் ஐலண்ட் வணிகர்கள் அனுப்பிய அடிமைக் கப்பல் பயணங்கள் 900க்கும் மேல். கடத்தப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். புதிய அரசியல் சட்டத்தின் மூலம் 1843இல் அந்த மாநிலம் அடிமைமுறையை முற்றாகத் தடை செய்தது. ஆனால் அதன் ஆலைகள் தென்மாநில அடிமைகள் உடுத்துவதற்கென்றே மட்டமான முரட்டுத் துணியை நெய்து விற்றுக்கொண்டிருந்தன. அந்தத் துணிக்கு 'நீக்ரோ துணி' என்றே பெயர். அதே 1843இல்தான் இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 5ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்து, அடிமைமுறையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்றது. தஞ்சைச் சமவெளியின் பறையருக்கும் பள்ளருக்கும் அந்தச் சட்டத்தால் என்ன மாறியது? பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை 1952இல் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே பதில்.

இதுவரை முதலாளிகளின் கதையாகவே போய்விட்டது. ஆதிக்கத்தை விமர்சிக்கிறோம் என்று ஆதிக்கத்தைப் பற்றி மட்டுமே பேசும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்த இன்னொரு கதை இருக்கிறது.

ஜார்ஜ் டி. டவுனிங் 1819இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினத்தவர். அவருடைய அப்பா தாமஸ் டவுனிங் சிப்பி உணவகம் நடத்தினார். வங்கிக்காரர்களும் வழக்கறிஞர்களும் வரிசையில் நின்று சாப்பிட்ட கடை அது. மகனும் உணவுத் தொழிலுக்கே வந்தார். பணக்காரர்கள் கோடையில் நியூபோர்ட்டுக்குப் போவதைக் கவனித்து அவரும் அங்கே போய்க் கடை போட்டார். 1850களின் நடுவில் 'சீ கர்ட் ஹவுஸ்' என்ற விடுதியைக் கட்டினார். வந்து தங்கியவர்கள் வெள்ளைச் செல்வந்தர்கள். 1860 டிசம்பரில் அது எரிந்துபோனது. யாரோ வைத்த தீ என்றே சந்தேகம். அவர் அதே இடத்தில் வேறொரு கட்டடத்தை எழுப்பினார். போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி நியூபோர்ட்டுக்கு இடம்பெயர்ந்து வந்தபோது அதன் மருத்துவமனைக்கு அந்தக் கட்டடத்தையே வாடகைக்கு விட்டார்.

விடுதிக்கு ஏன் தீ வைத்திருக்கக்கூடும் என்பதற்கு ஒரு காரணம் தெருவிலேயே இருந்தது. அந்தச் சில ஆண்டுகளாக டவுனிங் ஒரு போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். நியூபோர்ட், பிராவிடன்ஸ் போன்ற ஊர்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள். அவற்றை மூட வேண்டும், எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று மனு எழுதினார், துண்டறிக்கை அச்சிட்டார், சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார், சொந்தக் காசைச் செலவழித்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 1866இல் ரோட் ஐலண்ட் சட்டமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஃபிரெடரிக் டக்ளஸ் உள்ளிட்ட குழுவோடு வெள்ளை மாளிகைக்குப் போய், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் முன்னால் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டுப் பேசியவரும் இவர்தான்.

டவுனிங்கைப் பற்றி என் மனதில் ஒரு உறுத்தலும் இருக்கிறது. பகலில் அடிமை முதலாளிகளுக்கும் அவர்களோடு வணிகம் செய்தவர்களுக்கும் விருந்து பரிமாறிச் சம்பாதித்தவர், இரவில் அவர்களுக்கு எதிராக மனு எழுதினார். இதை எப்படி எடுத்துக்கொள்வது? நம் முகாமில் இன்றைக்கும் இந்த விவாதம் உண்டு. பெருநிறுவனத்தில் வேலை பார்க்கிறவன் சாதி எதிர்ப்பு பேசலாமா, ஆதிக்கச் சாதி வாடிக்கையாளரை நம்பித் தொழில் செய்கிறவள் மேடை ஏறலாமா என்று. என் பதில், அந்தக் காசு எங்கே போனது என்று பார்க்க வேண்டும் என்பதுதான். ஜோன்ஸுக்கும் டவுனிங்குக்கும் நியூபோர்ட்டின் கோடை பணம் கொடுத்தது. ஒருவர் மரத்தின் மேல் மணல் பூசினார். இன்னொருவர் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தார். விருந்தாளிகளின் கோபம் தன் தொழிலை அழிக்கும் என்று தெரிந்தே அதைச் செய்தார்.

இதற்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு உண்டு, நானாக இழுத்துப் பொருத்துவது அல்ல. டவுனிங்கின் நெருங்கிய தோழர் சார்ல்ஸ் சம்னர். பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில், வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைத் தாண்டி நடந்து தனிப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்த சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமிக்காக, 1849இல் கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸுடன் சேர்ந்து வாதாடியவர் அவர். அந்த வாதத்தில் சம்னர் பயன்படுத்திய சொல் 'சாதி'. தனிப் பள்ளி என்பது சாதியின் இயல்பு கொண்டது என்று, இந்தியாவை எடுத்துக்காட்டியே சொன்னார். வழக்கில் தோற்றார்கள். ஆனால் 1855இல் மாசசூசெட்ஸ் சட்டமே போட்டுப் பிரிவினையைத் தடை செய்தது. 1869இல் 'சாதி பற்றிய கேள்வி' என்றே தலைப்பிட்டுச் சொற்பொழிவு ஆற்றினார் சம்னர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1873இல், புனேவில் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை வெளியிட்டார். அடிமை ஒழிப்புக்காகத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார், நம் மக்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்ற விருப்பத்தோடு. அங்கிருப்பவர்கள் தங்கள் நோய்க்கு நம்மிடமிருந்து பெயர் எடுத்தார்கள். நாம் மருந்துக்கு அவர்களைப் பார்த்தோம். சாதியை இனவெறியோடு ஒப்பிடுவது நேற்றைய பல்கலைக்கழகக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சரி, நம்மூருக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடிப் பக்கம், இப்போது விடுதியாக மாறிவிட்ட ஒரு மாளிகையைச் சுற்றிப் பார்த்தேன். வழிகாட்டி நல்ல மனிதர். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடி ஓடு என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, நூறு வருஷமாகியும் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது என்று சுவரைத் தடவிக் காட்டினார். "இதைப் பூசினவங்க யாருங்க?" என்று கேட்டேன். "வேலையாளுங்கதான் தம்பி." "எங்க குடியிருந்தாங்க?" "அவங்க ஊருக்கு வெளியில இருந்திருப்பாங்க. வாங்க, அடுத்த கட்டைப் பார்ப்போம்" என்றார். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்று சொன்னவர், அதை வாங்கிய பணம் பர்மாவில் எப்படிச் சேர்ந்தது என்றும் சொல்லவில்லை. 1930களின் பெரும் பொருளாதாரச் சரிவில் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் வட்டித்தொழில் செய்தவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. வட்டித்தொழிலும் அடிமைமுறையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, ஒன்றல்ல. ஆனால் வழிகாட்டி 'அடுத்த கட்டு' என்று திரும்பிய அந்த இடத்தில்தான் நியூபோர்ட்டின் புகழுரைகளும் திரும்புகின்றன.

மாளிகைகளை இடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ரீல்ஸ் எடுக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன், நானே எடுத்திருக்கிறேன். அழகு பொய்யில்லை. அந்தச் சுண்ணாம்புப் பூச்சு உண்மையிலேயே அழகு, அது பூசியவரின் கைத்திறன். என் கோரிக்கை மிகச் சிறியது. கட்டட வரைபடம் மாட்டியிருக்கும் சுவரில் அதன் பக்கத்திலேயே கூலிக் கணக்கும் இருக்க வேண்டும். அப்ஜானின் வரைபடத்துக்கு அருகில் எல் டெஸ்டினோவின் பருத்தி எடைக் கணக்கு. அதைத் தேடித் திரிய வேண்டியதுகூட இல்லை, அச்சிலேயே இருக்கிறது. நம்மூர் மாளிகைகளின் கணக்குப் பெட்டிகளிலும் ஏடுகள் இருக்கும். பாரம்பரியப் பாதுகாப்பு என்று அரசுப் பணமும் சுற்றுலாப் பணமும் கேட்கிறவர்கள் அந்த ஏடுகளைத் திறந்து காட்டட்டும். அதற்கு மறுக்கிற இடத்துக்குப் பொதுப்பணம் எதற்கு?

நியூபோர்ட்டில் பேர்வெல் தெரு என்ற சாலையை ஒட்டி ஒரு பொதுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கப்பட்டது. 'கடவுளின் சிறு நிலம்' என்று அதை அழைக்கிறார்கள். ஊரில் ஜான் ஸ்டீவன்ஸ் என்பவர் 1705இல் தொடங்கிய கல் செதுக்கும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே அடிமையாக வேலை பார்த்தவர் பாம்ப் ஸ்டீவன்ஸ். 1768இல் அவருடைய சகோதரர் கஃபி கிப்ஸ் 40 வயதில் இறந்தார். இருவரும் சகோதரர்கள், ஆனால் குடும்பப் பெயர் வேறு வேறு. காரணம், அவரவர் எஜமானின் பெயர்தான் அவரவர் பெயர். பாம்ப் தன் சகோதரருக்குக் கல் செதுக்கினார். செதுக்கியவன் பெயரைக் கல்லில் போடும் வழக்கம் அதிகம் இல்லாத காலத்தில், இந்தக் கல்லை வெட்டியது பாம்ப் ஸ்டீவன்ஸ் என்று அதிலேயே வெட்டினார். தன் சகோதரனின் நினைவாக என்றும் வெட்டினார்.

அந்தக் கல்லின் படத்தையும், பெல்வியூ அவென்யூவிலிருந்து பிரியும் டவுனிங் தெருவின் வரைபடத்தையும் தோழிக்கு அனுப்பியிருக்கிறேன். போகும்போது இரண்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.